பதினோரு பேருக்கு மட்டும்

ஒரே ஒரு கையெழுத்துப் போடுவதற்காக நான் கடல் தாண்டிப் போய்விட்டு வந்தேன். சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

என் அக்கா மகன் கதிரவன் சென்னையில் ஒரு கல்லூரியில் கணிதம் படிக்கிறான். கடைசி வருடம். கல்லூரிக் கால்பந்து அணியில் ஆடுகிறான். ஆடப் போன நாட்களிலெல்லாம் வகுப்புக்கு வரவில்லை என்று எழுதி, வருகை குறைகிறது, பரீட்சை எழுத விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். ரத்த சம்பந்தமுள்ள பெரியவர் யாராவது நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் யோசிப்பார்களாம். பையனின் ரத்த சம்பந்தம் முழுக்க மலேசியாவில், கிள்ளானில் இருக்கிறது! தபாலில் கையெழுத்து அனுப்புகிறோம் என்றால் கூடாதாம். அக்காவுக்கு விமானம் என்றாலே தலை சுற்றும். இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிக்கூட அலுவலகத்தில் வருகைப் பதிவேடு எழுதுகிறவள் நீதானே, போய்ப் பேசிவிட்டு வா என்று என்னை ஏற்றிவிட்டாள்.

வந்து இறங்கினால் அழைத்துப்போக ஆள் இல்லை. கதிரவன் எழுதிக் கொடுத்த ஒரு துண்டுச் சீட்டை மட்டும் ஆட்டோக்காரர் ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார். ‘சின்னம்மா, இன்று அரையிறுதி. நேராக மைதானத்துக்கு வந்துவிடுங்கள்.’ ஆடியதால்தான் பரீட்சை போகிறது, அதற்காகத்தான் நான் வருகிறேன், நான் வரும் நாளிலும் ஆட்டம்! என் கொதிப்பு அங்கேயே ஆரம்பமாகிவிட்டது.

“மீட்டர் போடுங்க” என்றேன்.

“அது சும்மா அயகுக்கு வெச்சிகீதும்மா. குந்து, போலாம்” என்றார் ஆட்டோக்காரர். ஊருக்குச் சென்னை என்று பெயர் மாற்றியாகிவிட்டது, அவர் வழி நெடுக மெட்ராஸ் என்றுதான் சொன்னார். கிண்டியில் ஒரு பக்கத்துச் சக்கரம் காற்று இறங்கி, வண்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, என் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து பஞ்சர் ஒட்டினார். நான் வெயிலில் நின்றேன். கேட்டால், “பெட்டி ஸ்ட்ராங்காதான கீது?” என்று எனக்கே சமாதானம் சொல்கிறார்.

அடையாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருந்தது மைதானம். புல் என்று ஒன்று இருந்திருக்கலாம், நான் பார்க்கவில்லை. எல்லைக் கோட்டருகே பெட்டியைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தேன். எதிர் அணியின் கல்லூரியோ ஆட்டக்காரர்களைத் தேடித் தேடிச் சேர்க்கிற இடம். கட்டணம் கிடையாது, விடுதி சும்மா, ஆட்டம் முடிந்தால் முட்டையும் பாலும். தனி வேனில் வந்திருந்தார்கள். நம் பிள்ளைகள் பஸ்ஸில் தொங்கி வந்து, பூட்ஸுக்குள் செய்தித்தாளைத் திணித்துக்கொண்டிருந்தார்கள். நம் கல்லூரியில் விளையாட்டுக்கென்று சீட்டும் கிடையாது, சலுகையும் கிடையாது. மார்க்குக்குத்தான் இடம். பெருமையாக வாசலில் பலகையே வைத்திருக்கிறார்களாம்.

அது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். படிக்கிற இடத்தில் படிப்புக்குத்தான் சீட்டு. சரி. அதற்காக ஆடுகிறவனைக் குற்றவாளி மாதிரி நடத்தணுமா?

கதிர் ஏழாம் நம்பர் சட்டையில் ஓடினான். நன்றாகத்தான் ஓடினான். ஆனால் அவன் முழங்கால் பாதி ஆட்டத்துக்கு மேல் தாங்காது. இடைவேளையில் நொண்டிக்கொண்டு வெளியே வந்தான். வந்தவன் சொட்டச் சொட்ட நனைந்த சட்டையைக் கழற்றினான். பக்கத்தில் வெற்று மேலோடு காத்திருந்த ஒரு ஒல்லிப் பையன் அதை வாங்கி, பிழிந்து, அப்படியே தலை வழியாக மாட்டிக்கொண்டான்.

“சீ! அடுத்தவன் வேர்வைடா அது!” என்று கத்திவிட்டேன்.

“நம்ம மச்சி வேர்வதான ஆன்ட்டி” என்று சிரித்துவிட்டு உள்ளே ஓடினான் அவன். பெயர் தேவா என்று கதிர் சொன்னான். கல்லூரி வாங்கித் தந்தது பதினோரு சட்டை. அதனால் மாற்று ஆட்டக்காரனுக்குச் சட்டை கிடையாது. வெளியே வருகிறவன் கழற்ற வேண்டும், உள்ளே போகிறவன் மாட்ட வேண்டும். முதல் பாதி கதிர், இரண்டாம் பாதி தேவா. இந்த வருடம் முழுக்க இப்படித்தானாம்.

என் பின்னால் எதிர்க் கல்லூரி ஆசிரியர்கள் இருவர் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். “அந்த ஏழாம் நம்பரைப் பாருங்கள், இரண்டாம் பாதியிலும் மூச்சே வாங்கவில்லை.” “என்ன சாப்பிடுகிறானோ!” எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்த மூச்சு வாங்காத ஏழாம் நம்பர்தான் கடைசி நேரத்தில் மூன்று பேரைத் தாண்டிப் போய்க் கோல் போட்டான். ஒன்றுக்குப் பூஜ்யம். முட்டை சாப்பிட்டவர்கள் தோற்றார்கள். நான் பெட்டியின் மேல் ஏறி நின்று கத்தினேன், வெட்கமே இல்லாமல். ஐம்பது வயதுக்காரி!

தங்கியது மயிலாப்பூரில், கதிர் மாடியறை வாடகைக்கு எடுத்திருக்கும் வீட்டில். வீட்டுக்கார மாமி கதையைக் கேட்டுவிட்டு மோவாயில் கை வைத்துக்கொண்டார். “பந்து விளையாடினதுக்குக் கையெழுத்துப் போடவா ஏரோப்ளேன்ல வந்தேள்? எங்காத்துப் பையன் கிளாஸை விட்டுட்டு சினிமாவுக்குப் போனப்போகூட நான் தெருக்கோடி வரைக்கும்தான் போனேன்!” டபராவில் நுரை தளும்பக் காப்பி தந்தார். எங்கள் ஊரில் இழுத்து ஆற்றித் தருகிற தே தாரிக் என்ற பால் தேநீரை நான் விட்டுக்கொடுக்கிறவள் இல்லை. இருந்தாலும் அந்தக் காப்பிக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலை தெற்கு மாடவீதியில் பொங்கலும் கீரை வடையும். பொங்கலில் நெய் கையில் வழிந்தது. சாப்பிட்டுக்கொண்டே பேப்பரைப் பிரித்தால் விளையாட்டுப் பக்கத்து மூலையில் நாலு வரி. ‘ஏழாம் எண் வீரர் கதிரவன் அடித்த கோலால்...’ நான் வாய்விட்டுச் சிரித்தேன். “டேய், நீ கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து காலில் ஐஸ் தேய்ச்சுக்கிட்டிருந்தே, அந்த நேரத்தில் கோல் வேற போட்டியா?”

கதிர் சிரிக்கவில்லை. “நம்பரைப் பார்த்து எழுதிடுறாங்க சின்னம்மா” என்றான்.

கல்லூரிக்குப் போக ஏறிய 29சி பஸ் அடையாற்றுப் பாலத்துக்கு முன்னால் புகை விட்டு நின்றுவிட்டது. எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். கண்டக்டர், “நடந்தா பத்தே நிமிஷம்மா” என்றார். அந்த ஊரில் எல்லாத் தூரத்துக்கும் பத்தே நிமிஷம்தான். பாலத்தின் மேல் நடந்து போகும்போது கதிர் மேற்கே கை காட்டி, ஆற்றோரம் இன்னும் தள்ளிப் போனால் கோட்டூர்புரம் பக்கத்துக் குடிசைகளில் தேவாவின் வீடு என்றான். “அவங்க ஏரியாவிலேயே காலேஜுக்கு வந்த முதல் ஆள் சின்னம்மா. மார்க் என்னைவிட ஜாஸ்தி.” ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறை ஆபீஸில் ஜூன் மாதம் அவனை வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம், டிகிரியோடு வந்தால்.

முதல்வர் அறையில் எனக்கு நாற்காலி. மின்விசிறி என் பக்கம் திருப்பப்பட்டது. காப்பி வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த மேடம் அல்லவா! முதல்வர் கெட்ட மனிதர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளை அரைக்கைச் சட்டை, மேசையில் ஒரு தூசி இல்லை. பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பேசினார், தமிழில் தருகிறேன். “கோலுக்காக நான் சீட்டு விற்பதில்லை மேடம். இங்கே ஏழைப் பையனும் மார்க்கில்தான் வருகிறான், பணக்காரப் பையனும் மார்க்கில்தான் வருகிறான்.” நான் தலையாட்டினேன். நல்ல வார்த்தைதானே.

பிறகு பேப்பரை எடுத்துக் காட்டினார். முகம் மலர்ந்தது. “ஆனால் உங்கள் பையன் கல்லூரிக்குப் பெயர் வாங்கித் தந்திருக்கிறான். என்ன கோல்!” ஒரு பட்டியலை எடுத்தார். விளையாடப் போன நாட்களை வகுப்புக்கு வந்த நாட்களாகக் கணக்கில் சேர்க்கச் சொல்லும் பட்டியல் அது. கதிரின் பெயருக்கு நேரே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

போட்டேன். அது தேவா போட்ட கோல் என்று என் நாக்கு நுனி வரை வந்தது. வந்ததை விழுங்கினேன். கதிர் தரையைப் பார்த்தான். நான் மின்விசிறியைப் பார்த்தேன். வந்த காரியம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

வெளியே வராந்தாவில் தேவா நின்றுகொண்டிருந்தான். கூடவே அவன் அம்மா. ஆழ்வார்பேட்டையில் நாலு வீட்டு வேலை செய்கிறவர். ஈரப் புடவையோடே வந்திருந்தார். அவருக்கு நாற்காலி இல்லை.

“மூணாந்தபா வர்றேம்மா” என்றார் என்னிடம், நானும் ஏதோ அதிகாரி என்று நினைத்து. “கையெயுத்து போடணும்னாங்க, போடறேன்னு வந்தா எம்புள்ள பேரே லிஸ்ட்ல இல்லன்றாங்க. தெனம் காலைல அஞ்சு மணிக்கு எயிந்து ஓடறான். பேரு இல்லன்னா அப்ப எங்கதான் போய்க்கினு இருந்தான்னு எனக்கே டவுட்டா பூட்ச்சி.”

“யம்மா, சும்மா இரு” என்றான் தேவா.

ஏன் பெயர் இல்லை? அலுவலக எழுத்தரிடம் கேட்டேன். கேட்டு வாங்கிய பதில் இது: கால்பந்து என்பது பதினோரு பேர் ஆடும் ஆட்டம், ஆகவே பதினோரு பேருக்கு மட்டும் வருகை தரலாம் என்று நிர்வாகக் குழு முடிவு. வெளியே உட்காரும் மாற்று ஆட்டக்காரனுக்கு எதற்கு வருகை? அவன் வகுப்பில் உட்காரலாமே!

எங்கள் பள்ளியில் ஓட்டப் பந்தயத்துக்குத் தண்ணீர் தூக்கிக்கொண்டு போகிற பிள்ளைக்குக்கூட ‘வந்தாள்’ என்றுதான் நான் எழுதுவேன். ஒரு வருடம் முழுக்கப் பாதி ஆட்டம் ஆடியவன் இங்கே வராதவன். பரீட்சை திங்கட்கிழமை. ஹால் டிக்கெட் இல்லை. தவறினால் நவம்பர். ஜூன் மாத வேலை அதுவரைக்கும் காத்திருக்குமா?

“ரெஃப்ரீக்கே தெரியாது ஆன்ட்டி” என்றான் தேவா, ஏதோ வேடிக்கை மாதிரி. “நம்பர் மாறலல்ல, அவர் கண்டுக்க மாட்டாரு. நான்தான் கதிரு, கதிருதான் நானு. இன்னா பண்றது?”

மத்தியானம் மாமி சாப்பாடு போட்டார். வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும். எனக்கு இறங்கவில்லை. மாடிக்குப் போய்க் கதிரைப் பிடித்துக்கொண்டேன்.

“பேப்பரைக் காட்டினாரே, அப்ப உன் வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?”

“உங்க வாயிலயும் அதுதான் இருந்துச்சு சின்னம்மா.”

பளார் என்று அறைந்த மாதிரி இருந்தது. இவனுக்காக அக்கா கோயில் கோயிலாகச் சுற்றிக்கொண்டிருக்கிறாள், கிடைத்ததைக் கெடுத்துவிடக் கூடாது என்று பயந்தேன். பயம்தான், வேறென்ன? ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்கிற கதைதான். அடுத்தவன் கோலில் நான் காரியம் சாதித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை, எதுவும் சாப்பிடாமல் போய் முதல்வர் அறை வாசலில் நின்றேன். கதிரும் வந்தான். உள்ளே போனதும் உட்காராமலே சொன்னேன்.

“சார், அந்தக் கோலை இவன் போடலை. தேவா போட்டான். நான் மைதானத்திலேயே இருந்தேன். இவன் சட்டையை அவன் மாட்டிக்கிட்டு ஆடினான், ஏன்னா நீங்க வாங்கித் தந்தது பதினோரு சட்டை.”

முதல்வர் கண்ணாடியைக் கழற்றினார். “பட்டியலில் ஏழாம் எண் கதிரவன். பேப்பரிலும் கதிரவன்.”

“பட்டியல் எழுதினவர் மைதானத்துக்கு வந்தாரா சார்?”

“மேடம், ஒரு நேரத்தில் மைதானத்தில் இருப்பது பதினோரு பேர்தானே?”

“ஆடினது பன்னிரண்டு பேர் சார்! நான் ஸ்காலர்ஷிப் கேட்கலை. முட்டை, பால், வேன் எதுவும் கேட்கலை. வந்தவனை வந்தவன்னு எழுதுங்க. அவ்வளவுதான். அதுக்கு என்ன செலவு?”

“இன்று பன்னிரண்டு என்பீர்கள், நாளை இருபது பேர் வந்து நிற்பார்கள். குழுவின் முடிவை நான் மாற்ற முடியாது.” யோசித்தார். உண்மையாகவே நியாயமான வழியைத்தான் தேடினார், அதுதான் கொடுமை. “நீங்கள் சொல்வது உண்மையென்றால் கதிரவன் பாதி ஆட்டம்தான் ஆடியிருக்கிறான். அவனுக்கு அரை நாள். மற்றவனுக்கு அரை நாள். அப்படிப் பிரித்தால் இரண்டு பேருக்குமே வருகை போதாது. இரண்டு பேரும் பரீட்சை எழுத முடியாது.”

சத்தியமாகச் சொல்கிறேன், இருபத்திரண்டு வருடத்தில் நான் ஒரு பிள்ளையையும் இரண்டாக வெட்டி எழுதியதில்லை.

“அல்லது,” என்றார், “ஏழாவது வரியில் ஒரு பெயர் இருக்கலாம். எந்தப் பெயர் என்று நீங்களே சொல்லுங்கள். எனக்கு இரண்டு மாணவர்களும் ஒன்றுதான்.”

நான் வாயைத் திறப்பதற்குள் கதிர் சொன்னான். “தேவா பேரை எழுதுங்க சார். நான் நவம்பர்ல எழுதிக்கிறேன்.”

பெருமையாக இருந்ததா என்று கேட்கிறார்கள். இல்லை. முதலில் வந்தது ஆத்திரம்தான். அவன் மேல், என் மேல், அந்தத் தூசியில்லாத மேசை மேல். “கொஞ்சம் யோசிடா” என்றேன். “ராத்திரி பூரா யோசிச்சாச்சு. எங்க வீட்ல ஆறு மாசம் திட்டுவாங்க. அவங்க வீட்ல ஆறு மாசம் சாப்பிடணும்” என்றான்.

முதல்வர் பட்டியலில் ஒரு பெயரை அடித்தார். மேலே இன்னொரு பெயரை எழுதினார். பாதுகாவலர் சம்மதம் வேண்டுமாம். அடித்த இடத்துக்குப் பக்கத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். கடல் தாண்டி வந்து நான் போட்ட இரண்டாவது கையெழுத்து முதலாவதை அழித்தது.

தேவாவுக்கு எழுத்தர் சொல்லித்தான் தெரிந்தது. நேராக வந்து கதிரின் சட்டையைப் பிடித்தான். “யார்ரா உன்ன கேட்டது? உன்கிட்ட நான் கேட்டனா மச்சி? எனக்கு வோணாம் போ!” ஹால் டிக்கெட்டைத் தொடவே மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அன்றும் கூட வந்திருந்த அவன் அம்மா எழுத்தர் கையிலிருந்து அதை வாங்கி, நாலாக மடித்து, முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு கதிரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். அவன்தான் தலையைக் குனிந்தான்.

அக்காவுக்குப் போன் பண்ணியாக வேண்டும். மத்தியானம் தி. நகரில், ஜனம் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு போகிற தெருவில், ஒரு எஸ்.டி.டி. பூத்துக்குள் நுழைந்து கதவைச் சாத்தினேன். வெளியே பத்து ரூபாய்க்குப் பிளாஸ்டிக் குடம் என்று ஒருவன் கத்திக்கொண்டிருந்தான். நடந்ததை நடந்தபடி சொன்னேன், முந்தின நாள் நான் வாயை மூடிக்கொண்டதையும் சேர்த்து.

திட்டுவாள் என்று காதைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டேன். அக்கா அழுதாள். அழுது முடித்து மூக்கை உறிஞ்சினாள்.

“ஏன்டி, ஒருத்தன் பேரை அடிச்சாத்தான் இன்னொருத்தன் பேரை எழுதணுமா? அந்தத் தாள்ல இன்னொரு வரி எழுத இடமா இல்ல?”

அந்தத் தாள் என் கண் முன்னால் அப்படியே நின்றது. பதினோரு பெயர், கீழே முதல்வரின் முத்திரை.

“இருந்துச்சு அக்கா” என்றேன். “பாதிப் பக்கம் காலியாத்தான் இருந்துச்சு.”